உன் பத்திரிகைக்கு ஓர் உள்ளான், ஓர் அடப்பம்பூ

சரவணா,

கல்யாணப் பத்திரிகைக்கு நீ கேட்ட படம் முடிந்துவிட்டது. நாளைக்குக் கூரியரில் போகும், கூடவே இந்தக் கடிதமும். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். "சாப்ட்டியாம்மா? கண்ணுக்கு ஊசி போட்டாச்சா? மழையா அங்க?" என்று நீ கேட்பாய், எல்லாவற்றுக்கும் நான் "ஆச்சு, ஆச்சு" என்பேன், அதோடு முடிந்துவிடும். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. எழுதுவது நம் கடைத் தேவகி. நான் எழுதினால் ஒரு வரியின் தலையில் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கடையில் கூட்டம் ஓய்ந்த மத்தியானமாகப் பார்த்து, கல்லாவுக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் புத்தகத் தமிழில்தான் சொல்கிறேன், பேச்சில் சொன்னால் அவள் தன் பாஷையில் எழுதிவிடுவாள். ஆக, இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. நீ கட்டிக்கொள்ளப்போகிற இங்ரிடுக்கும் சொல். அவளுடைய அம்மா அப்பா கேட்டாலும் சொல். எனக்கு வெட்கமில்லை.

இங்ரிடுக்குச் சொல்லும்போது கடையிலிருந்து ஆரம்பி. நம்முடையது ப்ளவுஸ் துணி மட்டும் விற்கிற மேட்சிங் சென்டர் என்றும், தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே ஒடுங்குகிற சந்தில், இரண்டு பாத்திரக் கடைகளுக்கு நடுவே செருகி வைத்தாற்போல இருக்கும் என்றும் சொல். புடவையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரிப்பார்கள். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் திரும்பி, அடுக்கிலிருந்து ஒரு சுருளை உருவிப் போடுவேன். பொருந்திவிடும். திருநெல்வேலியிலிருந்து வந்து இந்தக் கடையைப் பிடித்தவர் உன் அப்பாதான், ஆனால் அவருக்கு மயில் கழுத்தும் ராமர் பச்சையும் ஒன்று. கல்லாவில் அவர், கலரில் நான் என்று ஆனது அப்படித்தான். அவர் போன பிறகு இரண்டும் நான். ஒரு விஷயம் மட்டும் எங்கள் தொழிலில் யாரும் மீறுவதில்லை. என்னதான் பொருந்தினாலும் வாடிக்கையாளரை வாசலுக்கு அனுப்பாமல் துணியை வெட்ட மாட்டோம். டியூப் லைட்டில் எல்லா நிறமும் பொய் சொல்லும். "வெளிச்சத்துல போய்ப் பாத்துட்டு வாங்க" என்போம். புடவையின் ஒரு முனையையும் சுருளின் ஒரு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிற பெண்களை நீ எத்தனையோ பேர் பார்த்திருப்பாய். அந்தத் தெரு வெளிச்சம் சொல்வதுதான் தீர்ப்பு.

பறவை வரைய வந்த கதையை உன்னிடமே நான் சரியாகச் சொன்னதில்லை. கலை ஆர்வம் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, தலைவலிதான். நாள் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் நிறங்களையே பார்த்துப் பார்த்து, மாலையானால் நெற்றி வெடிக்கும். டாக்டர், "தினமும் கொஞ்ச நேரம் தூரமா எதையாவது பாருங்கம்மா" என்றார். மயிலாப்பூரில் நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். தூரத்துக்கு எங்கே போவது? மறுநாள் காலையில் உன் அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு, "ஏட்டி, வண்டில ஏறு. தூரத்தப் பாக்கச் சொன்னாருல்லா" என்றார். அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குப் போனோம். அவர் வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், நான் தூரத்தைப் பார்ப்பேன். ஆற்றுச் சேற்றில் குருவியளவில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. கொசு உள்ளான் என்று பிற்பாடுதான் பெயர் தெரிந்துகொண்டேன். கண்ணுக்கு முதலில் பட்டது நிறம்தான். சாம்பல், ஆனால் வெறும் சாம்பல் இல்லை. துவைத்துத் துவைத்து வெளுத்த கறுப்பு எப்படி இருக்குமோ அப்படி. மணல் மேட்டில் அடப்பங்கொடி படர்ந்து பூத்திருந்தது. அந்தப் பூ கத்திரிப்பூ நிறமும் இல்லை, வெங்காயத் தோல் நிறமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அதற்கு மேட்ச் நம் கடையில் இல்லை. அந்த எரிச்சலில்தான் உன் பள்ளிக்கூட வாட்டர் கலர் பெட்டியைத் திறந்தேன். இல்லாத கலரைக் கலந்தாவது பார்ப்போம் என்றுதான்.

எனக்கு ஒரே ஒரு விதி, கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன். அதனால்தான் நம் வீட்டுச் சுவரில் இருக்கிற உள்ளான் எல்லாம் ஒரே சாம்பல். நீ ஆறாவது படிக்கும்போது பள்ளி நூலகத்திலிருந்து ஒரு பறவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? அதில் இதே பறவை, முகமும் கழுத்தும் முதுகும் செக்கச் செவேலென்று இருந்தது. "நீ தப்பா வரையறம்மா" என்றாய். வடக்கே, பனி உருகுகிற நாட்டில், முட்டையிடப் போகும்போதுதான் அது அந்த நிறத்தை உடுத்துகிறது, இங்கே வருவதற்குள் உதிர்த்துவிடுகிறது என்று அதே பக்கத்தில் போட்டிருந்ததை உனக்கே படித்துக் காட்டினேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அடப்பம்பூவோடு நான் முடித்து வைத்திருந்த படத்தில் பறவையின்மேல் சிவப்பைப் பூசி வைத்துவிட்டாய். காதைத் திருகினேன். பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தும் கழுத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கறை நின்றுவிட்டது. அந்தப் படம் இன்னும் ஃப்ரிட்ஜுக்கு மேலேதான் தொங்குகிறது. ஒவ்வொரு டிசம்பரும் நீ வந்து அதன் கீழே நின்று தண்ணீர் குடிக்கிறாய், நிமிர்ந்து பார்ப்பதில்லை.

டிசம்பர் என்று சொன்னேனே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீ நார்வேக்குப் போனதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறாய். மீனம்பாக்கத்தில் வெளியே வரும்போதே கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்குவாய். எழுந்தால் லேப்டாப். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரி, பேங்க், தண்ணீர் மோட்டார் ரிப்பேர், கிண்டியில் உன் சித்தப்பா வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. எதைக் கேட்டாலும் "ம்", "பாக்கலாம்மா", "சரிம்மா". உன்மேல் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளை செய்ய வேண்டியதில் நீ ஒன்றும் பாக்கி வைத்ததில்லை. என் பிள்ளை கொஞ்சம் மந்தமான சுபாவம், அவன் அப்பாவைப் போலவே அதிகம் சிரிக்க மாட்டான் என்று நானே தீர்மானித்து, நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று இத்தனை வருஷம் மேஜைக்குப் பின்னால் நின்றவளுக்குச் சொந்தப் பிள்ளை தன் நிறத்தை வழியில் உதிர்த்துவிட்டு வருகிறான் என்று தோன்றவில்லை.

போன மாதம் இங்ரிட் ஒரு வீடியோ அனுப்பினாள். உங்கள் நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் வெளியே வருகிறீர்கள். பனி. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவன் சறுக்கி விழுந்து, எழுந்திருக்காமல் அப்படியே மல்லாந்து கிடந்து, கையைக் காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறான். அவள் பாஷையில் என்னவோ கத்திப் பாடுகிறான். சுற்றி நிற்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். யார் இந்தக் கோமாளி என்றுதான் பார்த்தேன். இப்போது எனக்கு எந்த முகத்திலும் நடுவில் ஒரு புகை நிற்கும், ஓரத்துக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். தேவகிதான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, இது நம்ம தம்பிக்கா! இன்னாக்கா இப்டி சிரிக்கிது!" என்றாள். நான் எழுந்து கடைக்குப் பின்னால் இருக்கிற பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று சொன்னால் பொய். வயிற்றெரிச்சல்தான். அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிற என் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நீ போன் செய்தாய். ஜூனில் அங்கே கல்யாணம் என்றாய். "உனக்குக் கஷ்டம்மா. மூணு ஃப்ளைட் மாறணும். குளிரு வேற. கண்ணும் இப்டி இருக்கு. நீ அலையாத, நாங்க டிசம்பர்ல வந்துடறோம், மயிலாப்பூர்லயே ஒரு ரிசப்ஷன் வெச்சுக்கலாம்" என்றாய். பதமாகத்தான் சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன். உடனே, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, பத்திரிகையின் அட்டைக்கு நான்தான் படம் வரைய வேண்டும் என்றாய். "உள்ளானும் அடப்பம்பூவும் போடும்மா, நம்ம வீட்டுப் படம் மாதிரி." அதற்கும் சரி என்றேன். அந்த இரண்டு சரியில் ஒன்றுதான் நிஜம்.

வரைய உட்கார்ந்தால் என்ன நிறத்தில் வரைவது? சாம்பல் உள்ளான் என் உள்ளான். கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். ஆனால் கல்யாணம் அங்கே, ஜூனில், பறவை தன் நிறத்தில் இருக்கிற காலத்தில். நீ முன்பு எடுத்து அனுப்பிய படம் ஒன்று போனில் இருந்தது, உங்கள் ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் அது செம்மையாக நிற்கிறது. அதைப் பெரிதாக்கி, போனை மூக்கருகில் வைத்துக்கொண்டு, ஓரத்துக்கண்ணால் பார்த்துப் பார்த்து, அரக்குக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு நிறத்தைக் கலந்தேன். முதல் தரமாக என் விதியை மீறினேன். மீறவில்லை என்றுகூடச் சொல்லலாம், அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை நான் பார்த்துவிட்டேனே. அப்புறம் பூ. அதற்கு நான் எதையும் பார்க்கவில்லை. எத்தனை தரம் வரைந்த பூ அது! பெட்டியில் எந்த மூலையில் எந்த நிறம் என்பது விரலுக்குத் தெரியும். நினைத்தபடியே வந்தது, அவ்வளவு திருப்தியாக இருந்தது. நேற்றுக் காலை கடைக்கு எடுத்துவந்து தேவகியிடம் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "குருவி சூப்பரா கீதுக்கா" என்றாள். பூ எப்படி என்று நானே கேட்டேன். "பூ ஏன்க்கா வாடிப் போனா மாறி கீது?" என்றாள். வேண்டுமென்றே அப்படி வரைந்தாயா என்று கேட்டாள். நான் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. தெரு வெளிச்சத்தில் எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு அது அடப்பம்பூ நிறமாகத்தான் தெரிந்தது. அங்கேயே எனக்குப் புரிந்துபோயிற்று. புகை மட்டும்தான் வந்திருக்கிறது, நிறம் தப்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, "எத்தனை நாளா?" என்றேன். தேவகி மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தீபாவளிக்கு முன்னாலேர்ந்தே அப்டித்தான் கீதுக்கா. நீ எடுத்துப் போடுவ, நான் வெளிச்சத்துல காட்றேன்னு கஸ்டமர இட்டுக்கினு வெளிய போய் வேற பீஸ மாத்திக் குடுத்துடுவேன். உன் மூஞ்சிக்கு நேரா எப்டிக்கா சொல்றது?" இந்த இடத்தை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்று திட்டி எழுத வைத்திருக்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அத்தனை மாதமும் நான் உருவிப்போட்ட சுருளையெல்லாம் அவள் சத்தமில்லாமல் அடுக்கில் திரும்பச் செருகியிருக்கிறாள். அதை நினைத்தால் இந்த ஸ்டூலில் உட்காரவே கூசுகிறது. சித்திரை பிறந்ததும் கடையை அவளிடமே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டாமா? எனக்குத் தெரிந்த புத்தியெல்லாம் துணியில்தான் இருக்கிறது. லைனிங் துணியை நனைத்துக் காய வைக்காமல் தைக்கக் கூடாது. அவசரத்தில் அப்படியே தைத்தால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி உப்பி, நல்ல ப்ளவுஸ் பாழ். நீயும் அவளும் சுருங்க வேண்டியதையெல்லாம் முதலிலேயே சுருங்கிவிடுங்கள். சண்டையைத் தள்ளிப் போடாதீர்கள். நானும் உன் அப்பாவும் முதல் பத்து வருஷம் ஒருவருக்கொருவர் மரியாதையாக "சரி, சரி" என்று சொல்லியே கழித்தோம், பிற்பாடு பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, உன் டிசம்பர் முகத்தையும் அவளிடம் காட்டு. சிரிக்கிறவனை மட்டும் பார்த்துக் கட்டிக்கொண்டவள், ஒருநாள் "ம்", "பாக்கலாம்" என்று உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் பயந்துபோவாள். அதுவும் நீதான், கெட்டுப்போன நீ இல்லை, தூரம் வந்து களைத்த நீ. எனக்கு அது இப்போதுதான் விளங்குகிறது. இங்கே சேற்றில் இரை பொறுக்குகிற உள்ளானைப் பார்த்து, இது அழகில்லாத பறவை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லையே.

படத்தைத் திருத்துவதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். எந்தக் கலரைத் தொட வேண்டும் என்று தேவகி பக்கத்தில் இருந்து சொன்னால் பூவை மறுபடி வரைந்துவிடலாம். அவளும் "சொல்றேன்க்கா, மாத்திடலாம்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணால் பார்த்ததைத்தானே வரைவேன்? இதுதான் இப்போது நான் பார்க்கிற அடப்பம்பூ. ஆற்று முகத்தில் அந்தக் கொடியும் இப்போது கொஞ்சம்தான் மிச்சம். கரையைச் சுத்தம் செய்கிறவர்கள் குப்பையோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீயும் அங்கே கம்ப்யூட்டரில் பூவுக்கு நிறம் ஏற்றாதே. யாராவது கேட்டால், அது அம்மாவின் கண்ணில் இருக்கிற நிறம் என்று சொல். பறவைதான் முக்கியம். அது சரியாக வந்திருக்கிறது என்று தேவகி என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள்.

இனி நான் சொல்ல வந்தது. உனக்குத் தெரியாமல் கண் டாக்டரிடம் கேட்டேன். "இருக்கறதைக் காப்பாத்தலாம்மா, போனது வராது" என்றார், அது பழைய பாட்டு. விமானத்தில் போகலாமா என்றேன். ஊசித் தேதி தவறாமல் பார்த்துக்கொண்டால் தாராளமாகப் போகலாம் என்றார். எத்தனை நாளைக்கு இந்தப் பார்வை நிற்கும் என்று கேட்டதற்கு மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். டிசம்பரில் நீ இங்ரிடோடு வருவாய். மயிலாப்பூர் மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக, தூக்கம் கெட்ட கண்ணோடு நிற்பாய். எல்லோரும் பார்ப்பார்கள். அந்த சரவணனை நான் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரைக்கும் என் கண் இருக்குமா என்பதையும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் ஊரில் ஜூன் மாதம் சூரியன் மறைவதே இல்லை என்று நீதான் ஒரு தரம் சொன்னாய். ராத்திரியிலும் விளக்குப் போட வேண்டியதில்லை என்றாய். அப்போது சிரித்தேன், அப்படி ஓர் ஊரில் மேட்சிங் கடை வைத்தால் எவ்வளவு சௌகரியம் என்று. நான் சொன்ன அந்த "சரிப்பா"வைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். குளிருக்கு எதையாவது போர்த்திக்கொள்கிறேன். விமானம் மாறுகிற இடத்தில் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளினால் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் நடுவில் எனக்குப் பாஷை தெரியாமல் ஒரு மூலையில் இருந்தாலும் இருப்பேன், ஓரத்துக்கண்ணால் பார்க்க மூலைதான் வசதி. எனக்கு டிக்கெட் எடு. இத்தனை வருஷம் உன்னை டியூப் லைட்டிலேயே பார்த்துவிட்டேன் சரவணா. கண் அணைவதற்குள் ஒரே ஒரு தரம் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளிச்சத்தில் காட்டு.

அம்மா